பூட்டை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்ப்பது

எங்கள் வீட்டுப் பூட்டில் எந்தக் குறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் உள்ளே கட்டை விழுகிற சத்தம் தெருவில் நிற்பவருக்கும் கேட்கும். ஆனால் சென்ற ஆண்டு வரை அந்தப் பூட்டை ஏழு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் படி இறங்குவேன். பார்ப்பவர்கள் பூட்டில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். எதிர் வீட்டுக்காரர் ஒரு நாள் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

பூட்டுக்கு வருவதற்கு முன் ஒரு சுற்று உண்டு. சிலிண்டர், அடுப்பின் இரண்டு திருகுகள், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, கீசர், பின்கதவுத் தாழ்ப்பாள். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் மறுபடியும் சிலிண்டரிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாவற்றையும் அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் வழியில் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரு வாரம் நன்றாக நடந்தது. பிறகு படத்தில் இருப்பது இன்றைய அடுப்பா நேற்றைய அடுப்பா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதற்காக அன்றைய நாளிதழை அடுப்பின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். ஆள் கடத்துகிறவர்கள் செய்வது போல இருக்கிறது என்றாள் மனைவி.

நான் ஒரு நாளிதழில் முப்பது ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன். அச்சுக்குப் போகும் முன் பக்கத்தைக் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்த வேலையில் இரண்டு முறை பார்ப்பவனுக்கு நல்ல பெயர் கிடைக்கும். மூன்று முறை பார்ப்பவனுக்குப் பதவி உயர்வு கிடைக்கும். ஓய்வு பெற்று செம்பாக்கத்தில் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் இது பெருகியது.

திருச்சியில் மகளும் மருமகனும் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். விடியற்காலை முகூர்த்தம். முந்தைய நாளே போய்விட வேண்டும் என்று தாம்பரத்திலிருந்து ரயிலில் இடம் போட்டிருந்தோம். ஆட்டோவில் ஏறி ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பு வரை போய்த் திரும்பினேன். இரண்டாவது முறை கேம்ப் ரோடு வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை நிலையத்தை அடைந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி நடைமேடையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. முகூர்த்த நாள் என்பதால் பேருந்துகளிலும் இடமில்லை. மறுநாள் காலை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பால் ஐந்தரைக்கே பொங்கிவிட்டது. பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் எடுத்த படத்தைக் காட்டினாள். அடுப்புக்கு ஒரு பக்கம் அவளுடைய மாமனாரும் மாமியாரும் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. எப்படியும் வந்துவிடுவோம் என்று கடைசிவரை அந்த இடத்தில் யாரையும் நிற்கவிடவில்லையாம்.

சில மாதங்கள் கழித்து அவளுக்கு வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்க வழக்கப்படி வளையலும் கட்டுச்சோறும் பெண் வீட்டிலிருந்து போக வேண்டும். வளைகாப்பு முடிந்ததும் பெற்றோர் பெண்ணைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தேதியைச் சொல்ல மகள் பேசினாள். எல்லாம் சொல்லி முடித்து, வைக்கப் போகிற நேரத்தில், ஏதோ மறந்ததைச் சேர்த்துச் சொல்பவள் போல இதைச் சொன்னாள்:

"அப்பா, நீங்க சிரமப்பட வேணாம். அம்மாவ மட்டும் அனுப்புங்க. என்னைக் கூட்டிட்டு வர அம்மா போதும்."

சரிம்மா என்று வைத்தேன். அவள் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. அவள் என் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள், அவ்வளவுதான். வளைகாப்புக்குப் பத்து வாரங்கள் இருந்தன.

மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆசிரியர் அறையில் யாரோ சொன்னதாக ஒரு முகவரியை எடுத்துவந்தாள். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்கு அருகில், கீழே கைப்பேசிக் கடை இருக்கும் கட்டிடத்தின் முதல் மாடி. குடி, சூதாட்டம், அலைபேசி விளையாட்டு, கை கழுவிக்கொண்டே இருப்பது போன்றவற்றுக்குத் தனியார் ஆலோசனை மையம். நடத்துபவர் நாற்பத்தைந்து வயதுள்ள பெண்மணி. காட்டாங்குளத்தூரில் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் தனியாகத் தொடங்கியவர்.

அதே மாடியில் ஒரு பல் மருத்துவமனையும் இருந்தது. காத்திருக்கும் இடம் இரண்டுக்கும் பொது. பல் மருத்துவமனையின் பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல். ஆலோசனை மையத்தின் பலகை ஒரு நோட்டுப்புத்தகம் அளவு. இது தற்செயல் இல்லை என்று பிறகு தெரிந்தது. அம்மையார் வேண்டுமென்றேதான் அந்த இடத்தைப் பிடித்திருந்தார். படியேறும்போது தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் எல்லாரும் தாடையில் கை வைத்துக்கொள்வார்கள். முதல் நாள் நானும் வைத்துக்கொண்டேன். விளைவு, எதிர் வீட்டுக்காரர் அடுத்த வாரம் கிராம்புத் தைலத்துடன் வந்தார். வேர் சிகிச்சைக்கு எத்தனை முறை போக வேண்டும் என்று கேட்டார். எட்டு முறை என்றேன். எந்தப் பல் என்று கேட்டதற்கு ஒரு பல்லைக் காட்டினேன். அதன்பின் எப்போது பார்த்தாலும் அவர் கண் அந்தப் பல்லின் மீதே இருந்தது.

அறையில் மூன்று பிரம்பு நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் எதுவும் இல்லை. நான் தயாராகப் போயிருந்தேன். முப்பது ஆண்டுகள் பக்கம் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம், இப்போது பார்க்கப் பக்கம் இல்லாததால் வீட்டைப் பார்க்கிறேன் என்று காரணத்தையும் சேர்த்தே சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"நல்லாதான் இருக்கு சார், கட்டுரை மாதிரி. ஆனா உங்க ஆபீஸ்ல உங்களோட இருந்த மத்தவங்களும் ஏழு தடவை பூட்டறாங்களா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ஒருவர் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டே கடைக்குப் போகிறவர் என்பதும் நினைவுக்கு வந்தது.

காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்றார். ஏழு, அடுத்த வாரம் ஐந்து, பிறகு மூன்று, பிறகு ஒன்று. திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பயம் எழுந்தால் அதற்குச் சண்டை போட வேண்டாம். நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் மட்டும் போட வேண்டும். அது மேலே போகும், சிறிது நேரம் நிற்கும், பிறகு தானாக இறங்கும். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டால் அது இறங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும் என்றார். அவர் சொன்னதில் எனக்கு உடனே பிடித்துப்போனது இதுதான். ஒரு தாளும் கொடுத்தார். நேரம், எதைப் பார்த்தேன், எத்தனை முறை, பயத்தின் மதிப்பெண் என்று நான்கு கட்டங்கள். தினமும் நிரப்பி வாரம் ஒரு முறை கொண்டுவர வேண்டும்.

அந்த மையத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெவ்வேறு பிரச்சினையுள்ள இரண்டு பேரை, இருவரின் சம்மதத்தோடு, ஒருவருக்கொருவர் துணையாக்கிவிடுவார். ஒவ்வொருவருக்கும் நாளில் ஒரு கஷ்டமான வேளை இருக்கும். அந்த வேளையில் மற்றவருக்குப் போன் போட வேண்டும். எனக்குக் கிடைத்த துணை ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர். கோவிலம்பாக்கத்துக்காரர், முப்பத்தெட்டு வயது. குடியை நிறுத்தி நாற்பது நாள் ஆகியிருந்தது. அவருடைய கஷ்டமான வேளை மாலை ஆறு மணி. என்னுடையது வீட்டை விட்டுக் கிளம்பும் வேளை.

என் கதையை அவர் கவனமாகக் கேட்டார். பிறகு அம்மையாரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ்ளோதானா மேடம்? பூட்ட இஸ்து பாக்கறதா? நானு ஒரு வூட்டையே குட்ச்சவன். என்னாண்ட போயி இவர உட்ருக்கீங்களே."

எனக்கும் அவருடைய பிரச்சினை எளிதாகவே தோன்றியது என்பதைச் சொல்ல வேண்டும். கடைக்குப் போகாமல் இருந்தால் தீர்ந்தது. பூட்டைத் தொடாமல் வெளியே போக முடியுமா? இருவரும் மற்றவனுடையது சின்ன விஷயம் என்று நம்பியதால்தான் இருவரும் தாராளமாகத் தைரியம் சொன்னோம். அம்மையார் இதைக் கணக்குப் போட்டே செய்கிறார் என்று நினைக்கிறேன்.

காலையில் நான் காய்கறி வாங்கக் கிளம்பும்போது அவரைக் கூப்பிடுவேன். வண்டிச் சத்தத்துக்கு நடுவே, "எத்தினி?" என்பார். ஐந்து என்றால், "போதும் சார், பூட்டுக்கு வலிக்கப் போவுது, எறங்கு" என்பார். இறங்கிவிடுவேன். மாலை ஆறு மணிக்கு அவர் கூப்பிடுவார். என்ன பேசுவதென்று முதல் நாள் எனக்குத் தெரியவில்லை. எதிரே நாளிதழ் கிடந்தது. படிக்கட்டுமா என்றேன். படி சார் என்றார். அன்றைய காய்கறி விலையிலிருந்து தொடங்கினேன். ஏரிகளின் நீர்மட்டம், வாடகைக்கு வீடு, நாளை மின்தடை ஆகும் பகுதிகள். அவர் ஒவ்வொன்றுக்கும் கருத்துச் சொன்னார். முருங்கைக்காய் விலையைக் கேட்டதும், "யார் சார் இத்த எழுதறது? மேடவாக்கத்துல பாதிதான். வந்து கேக்கச் சொல்லு" என்றார். முப்பது ஆண்டுகளில் என் பக்கத்துக்கு அப்படி ஒரு வாசகர் கிடைத்ததில்லை. இருபது நிமிடத்தில் சவாரி சேர்ந்துவிடும். வண்டி கடையைத் தாண்டிவிடும்.

நான்காவது வாரம் மனைவியும் என்னோடு மையத்துக்கு வந்தாள். நான் சற்றுப் பெருமையாகவே போனேன். பூட்டு இரண்டுக்கு வந்துவிட்டது. அடுப்பைப் படம் எடுப்பது நின்றுவிட்டது. தாள்களை ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கியிருந்தேன். அடித்தல் திருத்தல் கிடையாது. சிவப்பு மையில் வாராந்திரக் கூட்டுத்தொகை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம். அம்மையார் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இவ்வளவு நேர்த்தியாக யாரும் கொண்டுவந்ததில்லை என்றார். பக்கத்தில் மனைவி தொண்டையைச் செருமினாள்.

"மேடம், இதை எழுத அவருக்கு தினமும் ஒன்றரை மணி நேரம் ஆகுது."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நான் முதலில் ஒரு தாளில் எழுதுகிறேன். அதைப் பார்த்து இன்னொரு தாளில் பிரதி எடுக்கிறேன். இரண்டையும் ஒப்பிடுகிறேன். நேரம் சரிதானா என்று அலைபேசியில் அழைப்புப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறேன். ஒரு நிமிடம் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தாள். நேற்று பயத்துக்கு அறுபது போட்டதா அறுபத்தைந்து போட்டதா என்று அவளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ஒரு நாள் ஓட்டுநரையே மதியம் அழைத்து, காலையில் நாம் பேசியது எட்டு பத்துக்கா எட்டு பன்னிரண்டுக்கா என்று கேட்டிருக்கிறேன்.

அத்தனையும் உண்மை. ஆனால் அவள் சொல்லிக் கேட்கும்வரை அவற்றை நான் வேலை என்றே நினைத்திருந்தேன். பிழையான பதிவை ஒருவரிடம் எப்படிக் கொடுப்பது?

அம்மையார் கோப்பை மூடினார். சிரிக்கக் கூடாது என்று முயன்றார், முடியவில்லை. மனைவியும் சேர்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து அடுத்த முறைக்கு வந்திருந்த ஓட்டுநர் கதவைத் தட்டித் தலையை நீட்டினார். சொல்லட்டுமா என்று அம்மையார் என்னைக் கேட்டார். தலையாட்டினேன். விஷயம் இரண்டு வரியில் சொல்லப்பட்டது.

"சார், நீ இன்னா பண்ணிக்கிற தெரியுமா? சரக்க உட்டுட்டேன்னு சொல்ட்டு சோடாவ கிரேட் கிரேட்டா அட்ச்சுகினு கீற."

ஆலோசனை என்று அன்று எனக்குக் கிடைத்ததில் இதைவிடத் தெளிவாக எதையும் சொல்லிவிட முடியாது. பூட்டிலிருந்து குறைத்த எண்ணிக்கையையெல்லாம் தாளில் போட்டு வைத்திருந்தேன். கைதான் இடம் மாறியிருந்தது.

அம்மையார் விதியை மாற்றினார். இனி தாளை நின்றுகொண்டே எழுத வேண்டும். பேனாவால் ஒரே முறை. எழுதிய கணமே மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும். திரும்பப் படிக்கக் கூடாது. தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். தப்பாகவே கொண்டுவாருங்கள், வாரத்துக்கு நாலு தப்பாவது இல்லையென்றால் வாங்க மாட்டேன் என்றார். கோப்பை அவரே வைத்துக்கொண்டார்.

பூட்டை விடுவதைவிட இது கடினமாக இருந்தது. முதல் நாள் மடித்த தாளை மனைவி கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். எழுதியது செவ்வாயா புதனா என்று மதியம் வரை என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. எண்பது என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டேன். அதை எழுத வேறு தாள் இல்லை. மாலை நாளிதழ் படிக்கும் நேரத்தில் ஓட்டுநரிடம் சொன்னேன். எனக்கும் இங்கே எண்பதுதான் சார், நீ மின்தடைய படி என்றார்.

ஒரு மாலை அவர் கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. மறுநாள் காலை, என் வேளையில், அவர்தான் அழைத்தார். மச்சான் வீட்டு விசேஷத்தில் குடித்துவிட்டதாகச் சொன்னார். அம்மையாரிடம் சொல்லிவிட்டாராம், இன்று முதல் மறுபடி ஒன்று என்று எண்ணச் சொன்னாராம். நான் எதுவும் யோசிக்காமல், நானும் நேற்று நான்கு முறை இழுத்தேன் என்றேன். அது உண்மைதான். "சரி, எறங்கு சார். நானும் வண்டிய எடுக்கறேன்" என்றார்.

வளைகாப்புக்கு முந்தைய நாள் காலை ரயில். நிலையத்துக்குத் தானே கொண்டுவிடுவதாக ஓட்டுநர் சொல்லியிருந்தார். அன்று வேறு சவாரி ஏற்றாமல் ஆறரைக்கே வாசலில் வந்து நின்றார். மனைவி விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரையும் எள் சாதமும் கிளறியிருந்தாள். தூக்குகளில் அடைத்து, வளையல் பெட்டிகளோடு வண்டியில் ஏற்றினோம். மறுநாளுக்குக் கெடாமல் இருக்கும் சாதம் இவை இரண்டுதான், மற்றதை அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்றாள். நான் உள்ளே போய் ஒரு சுற்று வந்தேன். ஒரே சுற்று. பூட்டினேன். ஒரு முறை இழுத்தேன். படி இறங்கினேன். எதிர் வீட்டுக்காரர் மாடியிலிருந்து பல் தேவலையா என்று கேட்டார்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பு தாண்டும் வரை ஒன்றுமில்லை. கேம்ப் ரோடு நெருங்கும்போது வந்துவிட்டது. பூட்டு இல்லை, அடுப்பு. எள் சாதத்துக்கு நல்லெண்ணெய் காய்ச்சிய அடுப்பை மனைவி அணைத்ததை நான் பார்க்கவில்லை. சுற்று வரும்போது திருகைத் தொட்டேன். தொட்டது மூடிய திருகா? தொண்ணூறு. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போன தடவையும் இதே கணக்கைத்தான் போட்டேன் என்பதும் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிகிறது, அதுதான் இந்த நோயின் விசித்திரம்.

"கொஞ்சம் திருப்புங்க. அடுப்பு" என்றேன்.

மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். திரும்பி உட்கார்ந்தார்.

"திருப்பணும்னா திருப்பறேன் சார். உன் வூடு, உன் அடுப்பு. எத்தினி சொல்லு."

"தொண்ணூறு."

"ஆறு மணிக்கு எனக்கும் தொண்ணூறுதான். அப்ப நானு உன்ன இன்னா கேப்பேன்?"

"படிக்கச் சொல்லுவீங்க."

"பேப்பர் இல்ல. கடை போர்டு கீது. சத்தமா படி."

வண்டி நிலையத்தை நோக்கியே கிளம்பியது. நான் படித்தேன். மரச்செக்கு எண்ணெய். இருசக்கர வாகனப் பழுது நீக்கம். பெண்களுக்கான தையல் பயிற்சி. பிரியாணி. இன்னொரு பிரியாணி. வாடகைப் பாத்திரம். நாய்க்குட்டி விற்பனைக்கு. முதல் பத்துப் பலகைகளைப் படித்தபோது குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் எல்லாம் சரிதான் என்பது போலத் தலையசைத்தாள். சேலையூரில் ஒரு கண் மருத்துவமனைப் பலகையைப் படித்தபோது, "கண்ணு நல்லா தெரியுது சாருக்கு" என்றார் ஓட்டுநர். மனைவி சிரித்துவிட்டாள். எழுபது என்றேன். யாரும் கேட்கவில்லை; நானாகச் சொன்னேன்.

நிலையத்தை அடைந்தபோது ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. ஓட்டுநர் தூக்குகளை நடைமேடை வரை கொண்டுவந்து வைத்தார். வளையல் பெட்டியை அவருக்குத் திறந்து காட்டச் சொன்னாள் மனைவி. பார்த்துவிட்டு, கொழந்த பொறந்ததும் நியூஸ் போடு சார், முதல் பக்கத்துல என்றார். இறங்கிப் போய்விட்டார். ரயிலுக்காகக் காத்திருக்கும் அனுபவம் எனக்குப் புதிது. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு முறை காபி குடித்தோம்.

வண்டலூரில் அறுபது. கூடுவாஞ்சேரியில் மறுபடி எழுபது. அம்மையார் சொன்னபடியே ஏறியது, நின்றது. செங்கல்பட்டுக்கு முன்னால் ஏரி வந்தபோது ஐம்பது. பாலாற்றுப் பாலத்தில் மனைவி இப்போது எவ்வளவு என்று கேட்டாள். யோசித்துப் பார்த்து நாற்பது என்றேன். மேல்மருவத்தூருக்குப் பிறகு அவள் தூங்கிவிட்டாள். விழுப்புரத்தில் வடை வாங்கினேன். அதன்பின் மதிப்பெண் போட மறந்துவிட்டது. அடுப்பை அணைத்தாயா என்று அவளிடம் நான் கேட்கவே இல்லை. கேட்பதும் இழுத்துப் பார்ப்பதும் ஒன்றுதான் என்று எங்களுக்கு விதி இருந்தது.

திருச்சி நிலையத்தில் எங்களை அழைத்துப்போக யாரும் வரவில்லை. காலையில் மனைவி மகளுக்குக் 'கிளம்பிட்டோம்' என்று ஒரு வார்த்தை அனுப்பியதோடு சரி. மருமகனை அழைத்தேன். பின்னணியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது, மண்டபத்தில் இருந்தார்.

"சொல்லுங்க மாமா. பஸ் உளுந்தூர்பேட்டை தாண்டிடுச்சா? நான் நாலு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்ட் வந்துடறேன்."

ரயிலில் வந்தோம், நிலைய வாசலில் நிற்கிறோம் என்றேன். அவர் மிகவும் மரியாதையானவர். சிறிது நேரம் கழித்து, "எந்த ஸ்டேஷன் மாமா?" என்று கேட்டார்.

விஷயம் பிறகு தெரிந்தது. காலையில் 'கிளம்பிட்டோம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே மகள் கணக்குப் போட்டுவிட்டாள். இவ்வளவு மணிக்குக் கிளம்பிட்டோம் என்றால் இவ்வளவு மணிக்கு ரயிலைத் தவறவிடுவார்கள், அதன்பின் பேருந்து பிடித்தால் நான்கு மணி. அதற்கேற்ப மதியச் சாப்பாட்டையும் தள்ளி வைத்திருந்தாள். நாங்கள் ஆட்டோ பிடித்துப் போய் மணியடித்தபோது தலையில் எண்ணெயோடு, கையில் சீப்போடு கதவைத் திறந்தாள். வயிறு நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள், வேறு யாரோ எங்களைக் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும் என்பது போல.

"அதுக்குள்ள எப்படிப்பா?"

"ரயில்ல."

அவள் சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு சிரித்தாள். நிற்க முடியாமல் சோபாவில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு குக்கரில் அரிசி இன்னும் ஊறவே போடவில்லை என்று சொல்லி மறுபடி சிரித்தாள். தோசை வார்த்தார்கள். நான் ஆறு சாப்பிட்டேன்.

மாலையில் சம்பந்தி வந்தார். மறுநாள் வேலைகளை யார் யார் செய்வது என்று பேச்சு வந்தது. மண்டபத்துச் சாவியை அவர் வைத்துக்கொள்வார். பூ, மருமகன் பொறுப்பு. வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்து வருபவர்களை அழைக்க ஒருவர் வேண்டும். முதல் ஆள் வருவதற்கு முன் அங்கே நிற்க வேண்டும், எட்டு மணிக்கே. தன் தம்பியைச் சொல்லட்டுமா என்று சம்பந்தி கேட்டார்.

"வேணாம் மாமா. அப்பா நிப்பாரு" என்றாள் மகள்.

ஏழரைக்குப் போய் நின்றேன்.